25, 30, 50 ஜிபி: ப்ளூ-ரே, எச்டி டிவிடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவிடிக்கு அடுத்து எது என்று 2006-இல் இரண்டு டிஸ்க்குகள் சந்தையில் மோதின: தோஷிபா முன்னின்ற எச்டி டிவிடி, சோனி முன்னின்ற ப்ளூ-ரே. 2008 பிப்ரவரியில் சண்டை முடிந்துவிட்டது. அந்தக் காலத்து டிஸ்க்குகள் இன்னும் பலருடைய அலமாரியில் இருக்கின்றன. ப்ளூ-ரேயில் பதிவு செய்து சேமிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

சிடி, டிவிடி, எச்டி டிவிடி, ப்ளூ-ரே எல்லாம் ஒரே அளவுதான். கொள்ளளவு மட்டும் எப்படி இவ்வளவு மாறுகிறது?

நாலுக்கும் விட்டம் 12 செ.மீ., தடிமன் 1.2 மி.மீ. மாறியது, லேசர் விழும் புள்ளியின் அளவு. புள்ளி சிறுத்தால் தரவைக் குறிக்கும் குழிகளைச் சிறிதாக்கலாம், அவை வரிசையாக ஓடும் தடங்களை நெருக்கி அடுக்கலாம்.

புள்ளியின் அளவை இரண்டு எண்கள் முடிவு செய்கின்றன. ஒன்று லேசரின் அலைநீளம். இன்னொன்று லென்ஸ் ஒளியை எவ்வளவு அகன்ற கூம்பாகக் குவிக்கிறது என்பது, இதை என்.ஏ. என்பார்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் புள்ளியின் ஒப்பீட்டு அளவு வந்துவிடும்:

சிடி: 780 நானோமீட்டர், என்.ஏ. 0.45. வகுத்தால் 1733.
டிவிடி: 650, 0.60. வகுத்தால் 1083.
எச்டி டிவிடி: 405, 0.65. வகுத்தால் 623.
ப்ளூ-ரே: 405, 0.85. வகுத்தால் 476.

கொள்ளளவு பரப்பைப் பொறுத்தது. அதனால் இந்த விகிதங்களை இருமடிப் பெருக்கிப் பார்க்க வேண்டும். 623-ஐ 476-ஆல் வகுத்து இருமடி எடுத்தால் 1.71. ஓர் அடுக்கில் ப்ளூ-ரே 25 ஜிபி, எச்டி டிவிடி 15 ஜிபி. இந்த விகிதம் 1.67. டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் அதே கணக்கைப் போட்டால் 5.2, உண்மையில் 4.7-க்கு 25, அதாவது 5.3. லேசரும் லென்ஸும் முடிவானதுமே கொள்ளளவும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

இரண்டுமே 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர்தான். பிறகு ஏன் எச்டி டிவிடி 0.65-இல் நின்றுவிட்டது?

இந்தப் போட்டியின் வேர் இங்கேதான் இருக்கிறது. லேசர் தரவைத் தொடுவதற்கு முன் தெளிவான பிளாஸ்டிக் ஒன்றைக் கடக்க வேண்டும். டிவிடியில் அதன் தடிமன் 0.6 மி.மீ. டிஸ்க் கொஞ்சம் வளைந்து, ஒளி சாய்ந்து நுழைந்தால் புள்ளி வால் முளைத்ததுபோல் சிதையும். அந்தச் சிதைவு பிளாஸ்டிக்கின் தடிமனுக்கு நேர்விகிதத்திலும், என்.ஏ.-வின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. 0.6 மி.மீ. வைத்துக்கொண்டு என்.ஏ.-வை 0.85 ஆக்கினால், டிஸ்க் கண்ணாடித் தகடுபோல் தட்டையாக இருந்தால்தான் ஓடும்.

ப்ளூ-ரே அணி 0.85-ஐ விடவில்லை, மேல் பிளாஸ்டிக்கை 0.1 மி.மீ. ஆக்கிவிட்டது. 1.1 மி.மீ. அடித்தட்டின் மேல் தரவு, அதன் மேல் 0.1 மி.மீ. மூடி. இந்த மூடியைச் சீராகப் பூசவோ ஒட்டவோ தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் தேவைப்பட்டது. எச்டி டிவிடியோ, டிவிடியைப் போலவே 0.6 மி.மீ. தட்டுகள் இரண்டை ஒட்டிச் செய்வது. டிவிடி தயாரிக்கும் வரிசையையே கொஞ்சம் மாற்றி ஓட்டலாம். 'மலிவாக, உடனே செய்யலாம்' என்று தோஷிபா சொன்னது வெறும் விளம்பரப் பேச்சு அல்ல.

அந்த 0.1 மி.மீ. முதலில் பெரிய தலைவலியாகவும் இருந்தது. 2003 ஏப்ரலில் ஜப்பானில் வந்த சோனியின் முதல் ப்ளூ-ரே ரெக்கார்டரில் டிஸ்க்கைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்தே செருக வேண்டும், கீறல் பயம். டிடிகே உருவாக்கிய கடினப் பூச்சு வந்த பிறகுதான் கூடு போயிற்று.

இரண்டடுக்கு ப்ளூ-ரே 50 ஜிபி, இரண்டடுக்கு எச்டி டிவிடி 30 ஜிபி. இந்த வித்தியாசம் திரையில் தெரிந்ததா?

பெரும்பாலான படங்களில் இல்லை. 1920 × 1080 படத்தை நொடிக்கு 24 சட்டகம், வண்ணத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்த 8 பிட் வடிவில் சுருக்காமல் வைத்தால் நொடிக்கு சுமார் 597 மெகாபிட் வரும். இரண்டு மணி நேரப் படம் 537 ஜிபி. இதை 20 ஜிபிக்குள் அடக்குவது கோடெக்கின், அதாவது படத்தைச் சுருக்கும் முறையின், வேலை. கிட்டத்தட்ட 27-இல் ஒரு பங்கு.

அடுத்தது பலரும் தவறவிடும் விஷயம். டிஸ்க்கில் இடம் இருந்தால் மட்டும் போதாது. பிளேயர் அதை எந்த வேகத்தில் எடுக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. எச்டி டிவிடியில் படம், ஒலி எல்லாம் சேர்த்து நொடிக்கு 30.24 மெகாபிட். ப்ளூ-ரேயில் 48, அதில் படத்துக்கு மட்டும் 40. உச்ச வேகத்திலேயே ஓட விட்டால் 30 ஜிபி 132 நிமிடத்தில் தீரும். 50 ஜிபி 139 நிமிடத்தில் தீரும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! ஆகவே ப்ளூ-ரேயின் உண்மையான கூடுதல் பலம் அந்த 20 ஜிபியைவிட அகலமான குழாயில்தான் இருந்தது.

குழாயின் அகலம் எங்கே உதவியது என்றால், ஒலியில். 5.1 ஒலியைச் சுருக்காமல் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வைத்தால் 6 × 48,000 × 24, நொடிக்கு 6.9 மெகாபிட். எச்டி டிவிடியில் இதை வைத்தால் படத்துக்கு 23 மெகாபிட்தான் மிஞ்சும். இரண்டு மணி நேரத்தில் இந்த ஒரு ஒலித்தடமே 6.2 ஜிபி தின்னும். அதனால்தான் எச்டி டிவிடியில் இழப்பில்லாமல் சுருக்கும் டால்பி ட்ரூஎச்டி அதிகம் வந்தது. ப்ளூ-ரேயில் தொடக்கத்திலேயே சுருக்காத பிசிஎம் தாராளமாக வந்தது. மூன்று மணி நேரப் படம் என்றால் கதை வேறு: 30 ஜிபியில் சராசரி 22 மெகாபிட்டுக்கு மேல் கொடுக்க முடியாது. இடம் இறுக்கிப் பிடித்தது அங்கேதான்.

அப்படியானால் 2006-இல் வந்த ப்ளூ-ரே படங்கள் ஏன் மங்கலாக இருந்தன?

கோடெக்தான் காரணம். ஆரம்ப டிஸ்க்குகள் பலவும் ஓர் அடுக்கு, 25 ஜிபி. அதில் டிவிடி காலத்து எம்பெக்-2-இல் படம், கூடவே சுருக்காத ஒலி. எதிரணி விசி-1 என்ற புதிய சுருக்கு முறையைப் பயன்படுத்தியது. அதே தரத்துக்கு அதற்கு நொடிக்குக் கணிசமாகக் குறைந்த மெகாபிட் போதும். விளைவு, 30 ஜிபி வரை போகும் அணியில் நல்ல படம், 50 ஜிபி வரை போகும் அணியில் சுமாரான படம். 50 ஜிபி டிஸ்க்குகளும் ஏவிசி, விசி-1 சுருக்கமும் பரவிய பிறகு இந்தக் குறை மறைந்தது. அட்டையில் உள்ள ஜிபி எண்ணை மட்டும் வைத்துத் தரத்தை எடை போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

எச்டி டிவிடியில் 51 ஜிபி டிஸ்க் இருந்ததாகச் சொல்கிறார்களே?

அடுக்குக்கு 17 வீதம் மூன்று அடுக்கு என்று 2007-இல் தோஷிபா அறிவித்தது. காகிதத்தில் ப்ளூ-ரேயை 1 ஜிபி முந்தியது. அந்த டிஸ்க்கில் ஒரு படமும் கடைக்கு வரவில்லை.

யார் யார் எந்தப் பக்கம்?

2002 பிப்ரவரி 19 அன்று ஒன்பது நிறுவனங்கள் ப்ளூ-ரேயை அறிவித்தன: சோனி, மாட்சுஷிட்டா, பிலிப்ஸ், பயனியர், ஹிட்டாச்சி, ஷார்ப், சாம்சங், எல்ஜி, தாம்சன். எச்டி டிவிடி பக்கம் தோஷிபாவும் என்இசியும். பிறகு மைக்ரோசாஃப்டும் இன்டெலும் ஆதரவு தந்தன. ஸ்டுடியோக்களில் சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் ப்ளூ-ரே. யுனிவர்சல் எச்டி டிவிடி மட்டும். வார்னரும் பாரமவுண்டும் ஆரம்பத்தில் இரண்டிலும் வெளியிட்டன. 2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் எச்டி டிவிடிக்கு மட்டும் என்று தாவின.

பிளேயர் விலை குறைவாக இருந்தும் எச்டி டிவிடி ஏன் தோற்றது?

விலை உண்மையிலேயே குறைவு. 2006 ஏப்ரலில் அமெரிக்காவில் தோஷிபாவின் முதல் பிளேயர் 499 டாலர். இரண்டு மாதம் கழித்து வந்த சாம்சங்கின் ப்ளூ-ரே பிளேயர் 999 டாலர். 2007 நவம்பரில் எச்டி டிவிடி பிளேயர் 100 டாலருக்குக் கீழேகூட விற்றது.

ஆனால் 2006 நவம்பரில் சோனியின் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 3 வந்தது. விளையாட்டுக்காக வாங்கியவர் எல்லோர் வீட்டிலும் ப்ளூ-ரே பிளேயர் தானாக நுழைந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு எச்டி டிவிடி டிரைவ் தனியாக, 199 டாலருக்கு. பெட்டியோடு வருவதும், தனியே காசு கொடுத்து வாங்கச் சொல்வதும் ஒன்றல்ல. பிளேயர் எண்ணிக்கை கூடியதும் ப்ளூ-ரே டிஸ்க் விற்பனை முந்தியது. படம் எங்கே விற்கிறதோ ஸ்டுடியோ அங்கே போகும்.

2008 ஜனவரி 4 அன்று வார்னர் இனி ப்ளூ-ரே மட்டும் என்றது. எச்டி டிவிடி குழு அடுத்த சில நாளில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் வைத்திருந்த செய்தியாளர் கூட்டத்தையே ரத்து செய்தது. பிப்ரவரி நடுவில் நெட்ஃபிளிக்ஸ், பெஸ்ட் பை, வால்மார்ட் வரிசையாக விலகின. பிப்ரவரி 19 அன்று தோஷிபா கைவிட்டது. தேதியைக் கவனியுங்கள்: ப்ளூ-ரே அறிவிக்கப்பட்டு சரியாக ஆறு ஆண்டுகள். 2009-இல் தோஷிபாவே ப்ளூ-ரே பிளேயர் விற்கத் தொடங்கியது.

எச்டி டிவிடியில் மேலான அம்சம் எதுவுமே இல்லையா?

இருந்தது. முதல் பிளேயரிலிருந்தே நெட்வொர்க் இணைப்பும், படத்தின் மேல் இன்னொரு சிறு படம் ஓட்டும் வசதியும் கட்டாயம். ப்ளூ-ரே இதைப் படிப்படியாகச் சேர்த்தது; 1.0, 1.1, 2.0 என்று மூன்று நிலைகள். 1.0 பிளேயர் வாங்கியவர்களுக்குப் பின்னால் வந்த கூடுதல் அம்சங்கள் சில ஓடவே இல்லை. ஒரு பகுதியில் வாங்கிய டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாமல் தடுக்கும் பிராந்தியப் பூட்டும் எச்டி டிவிடிக்குக் கிடையாது. ப்ளூ-ரேயில் ஏ, பி, சி என மூன்று. (4கே ப்ளூ-ரேயில் இந்தப் பூட்டை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்.)

25 ஜிபி டிஸ்க்கைப் போட்டால் கணினி 23.3 என்று காட்டுகிறது. ஏமாற்றா?

இல்லை. காலியான ஓர் அடுக்கு டிஸ்க்கில் 25,025,314,816 பைட் இருக்கிறது. தயாரிப்பாளர் 100 கோடியால் வகுக்கிறார், விண்டோஸ் 1,07,37,41,824-ஆல் வகுக்கிறது. 50 ஜிபி 46.6 ஆகவும், 100 ஜிபி 93.2 ஆகவும் தெரியும். டிவிடியின் 4.7, 4.38 ஆவதும் இதே கணக்குதான்.

பதியும் மென்பொருள் பழுதான பகுதிக்கு மாற்றிடம் ஒதுக்கினால் இன்னும் சில நூறு எம்பி குறையும். சரியாக 23.3-க்கு அடுக்கி வைத்த கோப்புகள் கடைசியில் இடம் போதவில்லை என்று நின்றுபோவது இதனால்தான். 22.5-ஐத் தாண்டாமல் அடுக்குங்கள்.

ப்ளூ-ரேயில் பதியும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

கோப்பு அமைப்பு யுடிஎஃப் 2.5 ஆக இருக்கட்டும். 1 மடங்கு வேகம் என்பது நொடிக்கு 4.5 எம்பி, 25 ஜிபி பதிய 93 நிமிடம். 4 மடங்கில் சுமார் 23 நிமிடம். டிஸ்க்கில் 6 என்று போட்டிருந்தாலும் 4-இல் பதிவது நல்லது. டிஸ்க்கின் வெளி விளிம்புப் பக்கம்தான் வளைவும் அதிர்வும் அதிகம். வேகம் கூடக்கூடப் பிழைகள் அங்கே குவியும். பதிந்து முடித்ததும் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள். நேரம் இரட்டிப்பாகும், பரவாயில்லை.

வாங்கும்போது உறையில் எல்டிஎச் என்று இருக்கிறதா பாருங்கள். அது கரிமச் சாயம் பூசியது. வெளிச்சத்தில் மங்கும், பழைய பிளேயர்கள் சில படிக்காது. சாதாரண வகை கனிமப் பூச்சு, அதுவே நீண்ட நாள் சேமிப்புக்கு ஏற்றது. 100 ஜிபி டிஸ்க்குக்கு பிடிஎக்ஸ்எல் என்று குறித்த டிரைவ் வேண்டும். சாதாரண ப்ளூ-ரே டிரைவில் பதிய முடியாது. சோனி பதியும் ப்ளூ-ரே டிஸ்க் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது, ஆகவே எந்த ஆலையின் டிஸ்க் என்று பார்த்து வாங்குவது இப்போது இன்னும் முக்கியம்.

இன்னொன்று: ப்ளூ-ரேயிலிருந்து படக் கோப்பைப் பென் டிரைவுக்கு நகலெடுக்கும்போது, இடம் நிறைய இருந்தும் மறுக்கிறதா? பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றுங்கள், மாற்றினால் உள்ளே இருப்பது அழியும், முதலில் எடுத்து வையுங்கள்.

கீறலை எது அதிகம் தாங்கும்?

நகக் கீறல், உறைக்குள் உரசல் போன்ற மெல்லிய கீறலை ப்ளூ-ரே நன்றாகத் தாங்கும். கடினப் பூச்சு அதற்குத்தான். ஆனால் அழுக்கு விஷயத்தில் அது பலவீனம். டிவிடியில் லேசர் டிஸ்க்கின் மேற்பரப்பைத் தொடும் இடத்தில் ஒளிவட்டம் ஏறக்குறைய அரை மி.மீ. அகலம். ஒரு தூசி அதில் சிறு பகுதியைத்தான் மறைக்கும். ப்ளூ-ரேயில் தரவு 0.1 மி.மீ. ஆழத்திலேயே இருப்பதால் மேற்பரப்பில் ஒளிவட்டம் 0.13 மி.மீ.தான். 0.1 மி.மீ. தூசி அந்த ஒளியில் பாதிக்கு மேல் அடைத்துவிடும். கைரேகை ஒன்று படத்தை உறைய வைப்பதற்குக் காரணம் இது.

துடைப்பது இப்படி: முதலில் ஊதும் பந்தால் தூசியைத் தட்டுங்கள். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடும். அடுத்தடுத்த தரவு மொத்தமாகப் போனால் பிழைதிருத்தம் கைவிட்டுவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துணியின் மூலையைத் தண்ணீரில் நனைத்தாலே போதும். அசிட்டோன், தின்னர் பக்கமே போகாதீர்கள்.

கீறல் தேய்க்கும் இயந்திரம் சிடி, டிவிடிக்கு உதவும். எச்டி டிவிடிக்கும் 0.6 மி.மீ. இருப்பதால் லேசாக முயலலாம். ப்ளூ-ரேயை அதில் போடவே கூடாது. பூச்சு போனால் 0.1 மி.மீ. மூடியில் தேய்க்க ஒன்றும் மிஞ்சாது.

படம் எப்போதும் நடுவில் ஒரே இடத்தில் நிற்கிறது. பிளேயர் பழுதா?

இரண்டடுக்கு ப்ளூ-ரே என்றால் முதலில் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே ஓடும். வெளி விளிம்பில் லேசர் அடுத்த அடுக்குக்குத் தாவி, அங்கிருந்து உள்ளே திரும்பும். அடுக்குகளுக்கிடையே 25 மைக்ரான்தான். தாவும் இடமும் நாம் விரல் வைத்துப் பிடிக்கும் இடமும் ஒன்று. விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். பல டிஸ்க்குகளும் அதே நிமிடத்தில் நின்றால், அப்போது பிளேயரின் லென்ஸைப் பார்க்கலாம்.

தொடக்கத்திலேயே, புதிய டிஸ்க் மட்டும் ஓடவில்லை என்றால் அது வேறு நோய்: நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்புச் சாவிகள் புதுப்பிக்கப்பட்டிருக்கும். பிளேயரின் ஃபர்ம்வேரை (உள்ளே இருக்கும் மென்பொருளை) புதுப்பியுங்கள்.

என்னிடம் எச்டி டிவிடிகள் இருக்கின்றன. என்ன செய்வது?

தாமதிக்காமல் ஓட்டிப் பாருங்கள். ஒட்டிய இரண்டு தட்டுகளின் இடையே பசையும் பூச்சும் கெட்டு, வெளியே ஒரு கீறல் இல்லாமலேயே படிக்காமல் போன எச்டி டிவிடிகள் ஏராளம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிலவற்றில் புள்ளிகளோ மங்கலான திட்டோ தெரியும். சிலவற்றில் ஒன்றும் தெரியாது, ஓட்டினால்தான் புரியும். ப்ளூ-ரே பிளேயர் இவற்றைப் படிக்காது. அதே நிற லேசர் இருந்தும் லென்ஸ் வேறு ஆழத்துக்குச் செய்தது.

படிக்கக்கூடியவை: பழைய தோஷிபா பிளேயர்கள், இரண்டையும் படித்த எல்ஜியின் பிஎச்100, கணினிக்கு எல்ஜி ஜிஜிசி-எச்20எல் டிரைவ், எக்ஸ்பாக்ஸ் 360-இன் வெளி டிரைவ். கடைசியில் சொன்னது யுஎஸ்பி வழியாகச் சாதாரணக் கணினியிலும் வேலை செய்யும். அதற்கென்று உள்ள மின் அடாப்டரும் கூட வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிஸ்க்கைத் திறந்தால் எச்விடிவிடி_டிஎஸ் என்ற கோப்புறையில் ஈவிஓ கோப்புகள் இருக்கும். மேக்எம்கேவி மென்பொருள் இவற்றையும் படிக்கும். தடுமாறும் டிஸ்க் என்றால் முதலில் பழுதான டிஸ்க்கை மீட்கும் டிடிரெஸ்க்யூ மென்பொருளில் 2048 பைட் அலகு வைத்து எளிதான பகுதிகளை எடுத்துவிட்டு, பிறகு கெட்ட இடங்களுக்குத் திரும்புங்கள். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் முட்டவிட்டால் டிரைவ்தான் சூடேறும். நகல் பூட்டைத் திறப்பதைப் பல நாடுகளின் சட்டம் தடுக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

4கே டிஸ்க்கில் 66, 100 என்று இருக்கிறதே, அது புது டிஸ்க்கா?

அதே லேசர், அதே 0.85, அதே 0.1 மி.மீ., அதே 0.32 மைக்ரான் தட இடைவெளி. குழிகளின் நீளத்தைக் குறைத்து ஓர் அடுக்கில் 33 ஜிபி ஏற்றினார்கள். இரண்டடுக்கு 66, மூன்றடுக்கு 100. வேக வரம்பு 128 மெகாபிட் வரை போகிறது. 2003-இல் கூட்டுக்குள் வைத்து விற்ற அந்த மெல்லிய மூடியின் பலன், 2016-இல் 4கே படமாக வந்தது.

பழைய ப்ளூ-ரே பிளேயரில் 4கே டிஸ்க் ஓடுமா?

ஓடாது. ஃபர்ம்வேரும் உதவாது. பிளேஸ்டேஷன் 4-இலும் ஓடாது. டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றில் ஓடும். கணினியில் அதிகாரபூர்வமாக ஓட்ட, சில்லுக்குள் இருக்கும் எஸ்ஜிஎக்ஸ் என்ற இன்டெலின் பாதுகாப்பு வசதி வேண்டும். 11-ஆம் தலைமுறை முதல் மேசைக் கணினிச் சில்லுகளில் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே 'புதிய கணினிதானே' என்று நம்பி டிஸ்க் வாங்க வேண்டாம். 4கே உறைக்குள் சாதாரண ப்ளூ-ரே டிஸ்க்கும் சேர்த்து வைத்திருந்தால், அதைப் பழைய பிளேயரில் போடலாம்.